கழுவும் கை யாருடையது?

(ஆலய ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற நன்கொடையாளர், மெய்யன்பர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயற்கைக்கு இசைந்த எளிய இல்வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு செயற்குழு என்னைப் பணித்தது. நான் அறிவியல் அறிஞன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். மாணவனின் தவற்றைத் திருத்தப் புகும் ஆசிரியன் முதலில் தன் தவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆகவே என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகின்றேன்.

1996ஆம் ஆண்டு நம் ஆலயச் செயற்குழுக் கூட்டம் ஒன்றில், அன்னதானத்திற்கு எவர்சில்வர் தட்டுகளை நிறுத்திவிட்டு, போலிஸ்டைரின் பெட்டிகளில் உணவு வழங்கலாம் என்று முன்மொழிந்தவன் நான்தான். அப்போது மடைப்பள்ளியின் பின்புறம், தரையில் குந்தியபடி, ஒரே குழாயடியில் மூன்று மூதாட்டிகள் முந்நூறு தட்டுகளைக் கழுவி வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர்களில் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்தத் துயரைக் கண்டுதான் நான் எழுந்து பேசினேன். அனைவரும் கைதட்டினர். தட்டுகள் சாக்கில் கட்டப்பட்டுப் பரண் ஏறின.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவை அங்கேயே இருந்தன. ஒரு தைப்பூசத்திற்கு மறுநாள் மாலை பெருமழை பெய்தது. ஆலயத்தின் பின்னால் உள்ள கால்வாய் அடைத்துக்கொண்டு, பின் தெருவில் வசிக்கும் சீன மூதாட்டி ஒருவரின் அடுப்படிக்குள் நீர் புகுந்துவிட்டது. அவர் சண்டைக்கு வரவில்லை. கால்வாயில் அடைத்திருந்த வெள்ளைப் பெட்டிகளில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலய வாசலுக்கு வந்தார். "சிக்கு, இது உங்கள் கோயில் பெட்டிதானே?" என்று மலாய் மொழியில் கேட்டார். அவ்வளவுதான். பெட்டிக்குள் நாங்கள் படைத்த சர்க்கரைப் பொங்கல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இறைவனின் பிரசாதம் அண்டை வீட்டாருக்கு இடராகப் போய்ச் சேர்ந்ததைக் கண்டு அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

குப்பை எங்கே போகிறது?

"தூக்கி எறிந்துவிட்டேன்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம் கண்ணுக்கு மறைகிறதே தவிர, எறிந்த பொருள் ஏதோ ஓர் ஊரில், யாரோ ஒருவரின் வீட்டருகில் போய்ச் சேர்கிறது.

ஈப்போ வட்டார மக்களுக்கு இது புதிய பாடம் அன்று. 1982ஆம் ஆண்டு புக்கிட் மேரா கிராமத்தருகே அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. அதன் கதிரியக்கக் கழிவை வைப்பதற்குப் பாப்பானில் குழிகள் தோண்டப்பட்டபோது, 1984இல் அவ்வூர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். இடம் மாற்றப்பட்டது. ஆலைக்கு எதிரான வழக்கில் 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. ஆலை மூடப்பட்டதே தவிர, கழிவு மறைந்துவிடவில்லை. கிளேடாங் மலைத்தொடரில் அதனைப் புதைத்துக் காக்க வேண்டியிருக்கிறது.

நம் வீட்டுக் குப்பை அத்தகைய நஞ்சு அன்று. ஆயினும் தத்துவம் ஒன்றே. 2012ஆம் ஆண்டு நம் நாட்டில் நடத்தப்பட்ட ஆய்வின்படி, வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ 45 விழுக்காடு உணவுக் கழிவு. 13 விழுக்காடு பிளாஸ்டிக். 12 விழுக்காடு குழந்தைகளின் அணையாடை. உணவுக் கழிவு தானே மக்கிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் குப்பைமேட்டின் அடியில், காற்றுப் புகாத இடத்தில் அது அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்க வல்லது. நாம் மிச்சம் வைக்கும் ஒரு கைப்பிடிச் சோற்றுக்கும் உலகம் வெப்பமாவதற்கும் தொடர்பு உண்டு.

தோட்டத்து நினைவுகள்

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். 1960களில் எங்கள் லயத்து வீட்டில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. அடுப்புச் சாம்பலும் தேங்காய் மட்டையும் பாத்திரம் துலக்கப் போதும். காய்கறித் தோல் கோழிக்கும் ஆட்டுக்கும் போகும். அரிசி கழைந்த நீர் கீரைப் பாத்திக்குப் போகும். கெட்டிப் பால் டின் காலியானால் அதுதான் அரிசி அளக்கும் படி. கடையில் காப்பி வாங்கினாலும் அதே டின்னில் கயிறு கட்டித்தான் கொடுப்பார்கள். கடைக்காரர் பழைய நாளிதழில் பருப்பைப் பொட்டலம் கட்டித் தருவார். அந்தச் சணலைக்கூட அம்மா சுற்றி எடுத்து வைப்பார்.

இதையெல்லாம் நம் வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனைக்குப் பின் ஒருநாள் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த ஓர் அக்கா, எழுபது வயதைத் தாண்டியவர், என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்தவர், பால்மரம் சீவியே பிள்ளைகளை ஆளாக்கியவர், குறுக்கிட்டார். "வாத்தியார் தம்பி, நீ சொல்றது எல்லாம் சரிதான். ஆனா அந்தத் தண்ணியத் தூக்குனது யாரு? அந்தச் சாம்பல்ல பாத்திரம் தேச்சது யாரு? விடியக்காலை பெரட்டுக்குப் போறதுக்கு முன்னால விறகு அடுப்புல கண்ணு எரிய ஆக்குனது யாரு? திரும்ப அங்கேயே போகச் சொல்றியா?" என்று கேட்டார்.

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. நான் பெருமைப்பட்ட சிக்கனத்தின் சுமை முழுவதும் என் தாயின் தோளிலும் என் தமக்கையின் தோளிலும் இருந்தது. நான் திண்ணையில் பாடம் படித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் தாயார் சில காலம் மருந்தடிக்கும் வேலைக்குப் போனார். களைக்கொல்லி வந்த டின்னைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிக்கும் நீர் நிரப்பி வைத்தோம். நல்ல டின்னை ஏன் வீணாக்க வேண்டும் என்ற எண்ணம்தான். என் தம்பிக்குக் கையெல்லாம் புண் வந்தது. தோட்டத்து டிரசர் வந்து பார்த்துக் கடிந்துகொண்டு, டின்னை ஆணியால் குத்தி ஓட்டையாக்கிவிட்டுப் போனார். தோட்டங்களில் பெண்கள் தெளித்து வந்த பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, 2020 ஜனவரி முதல் தேதியில்தான் நம் நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆகவே பழையது எல்லாம் நன்று என்று நான் சொல்ல வரவில்லை.

அன்று முதல், எந்தப் பழக்கத்தையும் மூன்று கேள்விகள் கேட்டுத்தான் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று, இதனால் உண்மையிலேயே வீண்செலவு குறைகிறதா? இரண்டு, இது உடலுக்குக் கேடு செய்யாததா? மூன்று, இதன் வேலையைச் செய்வது யார்? மூன்றாவது கேள்வியை நாம் கேட்பதே இல்லை. அதனால்தான் நல்ல பழக்கங்கள் நான்கு நாளில் நின்றுபோகின்றன.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, பை. பாசாருக்குப் போகும்போது துணிப்பையும் மீன், இறைச்சி வாங்குவதற்கு மூடியுள்ள டப்பாவும் எடுத்துச் செல்லுங்கள். பை மறந்துபோவதுதான் சிக்கல். ஆதலால் ஒன்றைக் காரிலும், ஒன்றை மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியிலும் வைத்துவிடுங்கள். பினாங்கு மாநிலத்தில் 2009 ஜூலையில், வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமையன்று மட்டும், இலவசப் பிளாஸ்டிக் பையை நிறுத்தினார்கள். 2011 ஜனவரி முதல் எல்லா நாளும் நிறுத்தினார்கள். படிப்படியாகச் செய்ததால் மக்கள் பழகிக்கொண்டனர். தமிழ்நாட்டிலும் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களில் பதினான்கு வகைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் கொண்டுவரும் இயக்கத்தை அரசே தொடங்கியது. நம் கல்யாண வீடுகளில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த அதே மஞ்சள் பைதான்.

"மக்கும் பை" என்று அச்சிட்டதைக் கண்டு ஏமாற வேண்டாம். அவற்றில் பல, வெப்பம் மிகுந்த தனிக் கூடங்களில்தான் மக்கும்; நம் வீட்டுக் குழியில் மக்குவதில்லை. நூறு முறை துவைத்துப் பயன்படுத்தும் துணிப்பையே மேல்.

இரண்டாவது, சமையல் கழிவு. ஒரு பழைய வாளியின் அடியில் துளையிட்டு, காய்ந்த இலைகளைப் பரப்புங்கள். நறுக்கிய காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு ஆகியவற்றைப் போட்டு, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு காய்ந்த இலையால் மூடுங்கள். வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதங்களில் எருவாகிவிடும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். காய்ந்த இலையைக் கூட்டினால் சரியாகும். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் ஆகியவற்றைப் போடாதீர்கள், எலி வரும். என் வீட்டில் இந்த வேலை என்னுடையது. என் துணைவியார் அதைத் தொடுவதில்லை. அதனால்தான் இன்றுவரை அது நடக்கிறது!

மூன்றாவது, பொரித்த எண்ணெய். அதைத் தொட்டியில் ஊற்றினால், ஆறியதும் குழாயிலும் கால்வாயிலும் கட்டியாகப் படிந்துவிடும். ஆறவைத்து, வடிகட்டி, போத்தலில் சேர்த்து வையுங்கள். எரிபொருள் செய்வதற்காக அதை எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்குவோர் நம் நாட்டில் இருக்கிறார்கள்.

நான்காவது, தண்ணீர். மலேசியர் ஒருவர் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கும் மேல் பயன்படுத்துகிறார். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினால், நிமிடத்துக்கு ஆறு முதல் பத்து லிட்டர் வீணாக ஓடும். இரண்டு பேசின் வைத்து, ஒன்றில் தேய்த்து, மற்றொன்றில் அலசினால் பாதிக்குமேல் மிச்சமாகும். மழைநீர் பிடிப்போர், பீப்பாயைத் துணியோ வலையோ கொண்டு இறுக மூடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். சிதறுதேங்காய் உடைத்த சிரட்டைகளையும் அன்றே அள்ளிவிட வேண்டும். இயற்கையைக் காக்கிறோம் என்று டெங்கிக் காய்ச்சலை வளர்த்துவிடக் கூடாது.

ஐந்தாவது, மின்சாரம். ஒரு மின்விசிறிக்கு ஏறத்தாழ 60 வாட் போதும். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனத்திற்கு 750 வாட்டுக்கும் மேல் வேண்டும். ஒரு குளிர்சாதனம் ஓடுவதும் பன்னிரண்டு மின்விசிறி ஓடுவதும் ஏறக்குறைய ஒன்று. வயதானவர்களையும் நோயாளிகளையும் புழுக்கத்தில் வாடவிடச் சொல்லவில்லை. ஆளில்லாத அறையில் ஓடுவதை நிறுத்தினாலே போதும்.

ஆறாவது, பூசையறை. பழைய மாலைகளையும், கண்ணாடி உடைந்த சாமி படங்களையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிந்தா ஆற்றில் விடுவது பக்தி ஆகாது. மாலையை வாழைநாரில் கட்டச் சொல்லி வாங்குங்கள். நைலான் நூல் மக்காது. வாடிய பூக்களைச் செம்பருத்திச் செடியின் அடியில் இடுங்கள். இறைவனுக்குச் சூட்டிய மலர் மண்ணாகி, மறுபடியும் மலராகி அவன் திருவடிக்கே வரட்டும்.

பரணிலிருந்து இறங்கிய தட்டுகள்

இனி நம் ஆலயத்தின் கதைக்கு வருகின்றேன். அந்தச் சீன மூதாட்டி வந்துபோன மறுவாரம், தட்டுகளைப் பரணிலிருந்து இறக்கலாம் என்று செயற்குழுவில் சொன்னேன். நியாயமான மறுப்புகள் எழுந்தன. பெட்டிக்குச் சூடான சாம்பார் ஆகாது, அதிலுள்ள வேதிப்பொருள் சிறிதளவேனும் உணவில் கலக்கும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கழுவுவது யார்? மூதாட்டிகளை மறுபடியும் தரையில் குந்த வைப்பதா? 1996இல் நான் கேட்க மறந்த கேள்வி அது. அன்று நான் கண்ட துன்பம் உண்மை. கண்ட தீர்வுதான் பிழை. குழாயடியை உயர்த்தியிருக்க வேண்டும். கைகளை மாற்றியிருக்க வேண்டும். நானோ தட்டையே ஒழித்துவிட்டேன்.

இம்முறை அதைச் செய்தோம். நின்றுகொண்டு கழுவும் உயரத்தில் மூன்று தொட்டிகள் கட்டினோம். ஒன்றில் ஊறவைக்க, ஒன்றில் தேய்க்க, ஒன்றில் அலச. வழுக்காத ஓடு பதித்தோம். முறைப் பட்டியல் போட்டோம். பட்டியலில் முதல் பெயர் தலைவருடையது; இரண்டாவது என்னுடையது. அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பெயர் அதில் சேர்க்கப்படுவதில்லை.

முதல் வெள்ளிக்கிழமை நான் அரைமணி நேரம் கழுவினேன். முதுகு வலித்தது. என்னைக் கேள்வி கேட்ட அக்கா நாற்காலி போட்டு அமர்ந்து, நான் கழுவிய தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கு தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஓரத்துல எண்ண இருக்கு, வாத்தியார் தம்பி" என்றார். முப்பது ஆண்டுகள் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திய கையால் அவற்றை வாங்கி மீண்டும் கழுவினேன்.

எல்லாம் நிறைவாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். தைப்பூசம் போன்ற பெருநாள்களில் தட்டுகள் போதவில்லை. அன்று வாழையிலை பயன்படுத்துகிறோம். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு உணவு எடுத்துச் செல்வோரிடம் தூக்குச் சட்டி கொண்டுவரச் சொன்னோம். பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். பசித்தவரைப் பாத்திரம் இல்லை என்று திருப்பி அனுப்புவது அறம் ஆகாது. அவர்களுக்காகச் சில பெட்டிகள் இன்னமும் வைத்திருக்கிறோம். ஆயினும் வெள்ளிக்கிழமைகளில் பின்புறம் குவிந்த குப்பை மூட்டைகள் பெரும்பாலும் குறைந்துவிட்டன.

ஆகவே நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். "அன்னதானத்திற்கு ஆயிரம் பெட்டி என் உபயம்" என்று சொல்லும் அன்பர்கள், அதே தொகைக்கு எவர்சில்வர் தட்டுகளை உபயமாகக் கொடுங்கள். பெட்டியின் ஆயுள் அரைமணி நேரம். தட்டு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சோறு போடும். வீட்டில் வாழை வைத்திருப்போர் இலை அறுத்துத் தாருங்கள். பொருள் தர இயலாதோர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் தாருங்கள். குறிப்பாக ஆண்மக்களையும் இளைஞர்களையும் எதிர்பார்க்கின்றேன்.

சிறியதைச் செய்து என்ன பயன் என்று எண்ண வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் வீடிழந்து நின்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவிய கைகள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில்தான் தோட்டங்களே வாங்கப்பட்டன. அந்தப் பெற்றோரின் பிள்ளைகள் நாம். ஊர் கூடினால் தேர் நகரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றிரவு விருந்துக்குப் பின் உங்கள் தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு பின்புறம் வாருங்கள். முதல் தொட்டியருகே நான் நின்றுகொண்டிருப்பேன். எல்லாம் வல்ல முருகப் பெருமான் நம் இல்லங்களையும், நாம் வாழும் இம்மண்ணையும், நம் அண்டை வீட்டாரையும் காத்தருள்வானாக.